நேற்றைய உண்மைகளை இன்று விற்கும் சந்தை

‘முப்பதே நாளில் கூகுளின் முதல் பக்கம், நிச்சயம்’ என்று வாக்குத் தரும் மின்னஞ்சல் வந்து சேராத தொழில் நிறுவனம் இன்று அரிது. எஸ்.இ.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேடுபொறி உகப்பாக்கத்தை விற்பவர்கள் அனுப்பும் மின்னஞ்சல் அது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் வியாபாரிகள் பணம் கட்டுகிறார்கள்.

இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், இத்துறையில் உலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. ஏதோ ஒரு வழி பலன் தருகிறது, செய்தி பரவுகிறது, ஆளாளுக்கு அதைச் சுரண்டுகிறார்கள், தேடுபொறி அந்த வழியை அடைக்கிறது. அடைத்த பிறகும் அதை விற்பவர்கள் கடையைக் கட்டுவதில்லை. எஸ்.இ.ஓ.வின் பயனையும் பழுதையும் எடைபோட இந்தச் சுழற்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் கீவேர்டு எனப்படும் தேடுசொல். 1990களின் நடுவில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள், பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதப்படும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைப் படித்தன. பக்கம் எதைப் பற்றியது என்று அதன் உரிமையாளர் சொன்னதை அவை நம்பின. சம்பந்தமே இல்லாத சொற்களைப் பலரும் அதில் அடுக்கத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை தகர்ந்தது. தரவரிசைக்கு அந்த டேக்கைத் தான் பயன்படுத்துவதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் ‘நூறு சொல்லுக்கு இத்தனை முறை கீவேர்டு வர வேண்டும்’ என்று கணக்குச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி எழுதிய பக்கத்தில் ஒரே ஊர்ப்பெயரும் ஒரே பொருளின் பெயரும் வரிக்கு வரி வந்து, படிக்க வந்தவரை விரட்டியடிக்கும்.

இந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மை இல்லாமல் இல்லை. கடைக்காரர் ‘ஆடவர் ஆயத்த ஆடைகள்’ என்று எழுதுகிறார். வாங்குபவர் ‘ரெடிமேட் சட்டை’ என்று தேடுகிறார். வாங்குபவரின் பேச்சைப் பக்கத்தில் கொண்டுவருவது நல்ல வேலை. அதை எத்தனை முறை கொண்டுவருவது என்று எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் வேலை கெடுகிறது.

இணைப்புகளின் கதை இன்னும் சுவையானது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் விவரித்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு மற்ற தளங்கள் தரும் இணைப்பை நற்சான்றாகக் கொண்டது. மதிப்புள்ள பக்கம் தரும் சான்றுக்கு மதிப்பு கூடுதல். கூகுளின் வெற்றிக்கு அடித்தளமே அதுதான். சான்றுக்கு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் சான்று விற்கும் சந்தையும் முளைத்தது.

அமெரிக்கப் பெருங்கடை ஜே.சி.பென்னிக்கு நேர்ந்தது இதற்குச் சரியான பாடம். ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் பல மாதங்கள் அதன் தளமே முதலில் வந்தது. பண்டிகை விற்பனைக் காலமும் அதில் அடக்கம். தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தத் தளத்துக்கான இணைப்புகள் நட்டு வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்த சில மணி நேரத்தில், சாம்சோனைட் கைப்பெட்டிக்கான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த கடை 71ஆம் இடத்துக்குச் சரிந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், எஸ்.இ.ஓ. பணியைப் பார்த்துவந்த ஒப்பந்தக்காரரை நீக்கியது. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தது.

பென்னி விவகாரத்தில் இரண்டு செய்திகள் உண்டு. குறுக்கு வழி பலிக்காது என்று சொல்வதே ஒரு தவறான நம்பிக்கை. அது பலித்தது, ஒரு பத்திரிகையாளர் தோண்டும்வரை. ஆனால் பிடிபட்டபோது விழுந்தது கடையின் பெயர். வேலை செய்தவர் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளலாம்; இணைய முகவரியோ வியாபாரியுடையது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற மாற்றம், இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைக் கூட்டமாகக் கீழே தள்ளியது. ‘ஐந்நூறு இணைப்பு, இன்ன விலை’ என்ற பொட்டலங்கள் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

‘நிறைய எழுதினால் நிறைய வருவார்கள்’ என்பது மூன்றாவது நம்பிக்கை. இதற்கும் ஒரு பொற்காலம் இருந்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற கட்டுரைகளைக் குறைந்த கூலிக்கு எழுதிக் குவித்த டிமாண்ட் மீடியா, 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தபோது, சந்தை மதிப்பில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தையே தாண்டியது. அடுத்த மாதமே கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தை அது பாதித்தது. டிமாண்ட் மீடியாவின் அந்த மதிப்பு நிலைக்கவில்லை. இன்று கூலிக்கு ஆள்கூடத் தேவையில்லை; செயற்கை நுண்ணறிவு நொடியில் நூறு கட்டுரை தரும். தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் தனி விதிமீறலாகவே அறிவித்தது.

வேறு சில நம்பிக்கைகளுக்கு இத்தகைய பழம்பெருமையும் கிடையாது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் இயல்பான முடிவுகளிலும் ஏற்றம் கிடைக்கும் என்பது அப்படி ஒன்று. அந்தத் தொடர்பை கூகுள் அடியோடு மறுக்கிறது. ஒரே உரை இரு பக்கங்களில் இருந்தால் தண்டனை என்பது இன்னொன்று. பொதுவாக ஏதாவது ஒரு பிரதியைத் தேடுபொறி தேர்ந்து காட்டும், அவ்வளவுதான். ‘முதலிடம்’ என்ற இலக்கே குழப்பமானது. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் மூன்றையும் கூகுள் பார்க்கிறது. கோவையில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து பேக்கரியைத் தேடுபவருக்கும் சிங்காநல்லூரிலிருந்து தேடுபவருக்கும் ஒரே பட்டியல் வராது. தன் மேசையில் உட்கார்ந்து தன் கடையைத் தேடி மகிழும் முதலாளி, தனக்கு மட்டும் தெரியும் முதலிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு எஸ்.இ.ஓ.வே வீண் என்று முடிவு கட்டுவது எதிர்முனைத் தவறு. தேடுபொறியால் படிக்க முடியாத தளம், எவ்வளவு நல்ல பொருள் விற்றாலும், தேடுபவருக்கு இல்லாத தளமே. தமிழ் இணையம் இதை அனுபவத்தில் அறிந்தது. யூனிகோடு பரவும் முன் பாமினி, தாப், தஸ்கி என்று வெவ்வேறு குறியாக்கங்களில் தமிழ்ப் பக்கங்கள் எழுதப்பட்டன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த பாமினி எழுத்துகள் எந்திரத்துக்கு வெறும் ரோமன் எழுத்துக் கோவை. தமிழில் தேடியவருக்கு அவை அகப்படவே இல்லை. இன்றும் உணவகங்கள் விலைப்பட்டியலைச் சுவரொட்டிப் படமாக ஏற்றிவிட்டு, எழுத்தாக ஒரு வரியும் வைப்பதில்லை. தளத்தை உருவாக்கும்போது தேடுபொறியைத் தடுக்கப் போட்ட கட்டளையை, வெளியிட்ட பிறகு எடுக்க மறந்தவர்களும் உண்டு. இவற்றைச் சரிசெய்வது, ஒவ்வொரு பக்கத்துக்கும் பொருத்தமான தலைப்பு வைப்பது, கைபேசியில் விரைவாகத் திறக்கச் செய்வது, கடையின் முகவரியையும் நேரத்தையும் சரியாகத் தருவது ஆகியவை எஸ்.இ.ஓ.வின் நேர்மையான பாதி. இவை பரபரப்பாக விலைபோவதில்லை. ஆனால் எந்தப் பெங்குவினும் இவற்றைத் தண்டித்ததில்லை.

குறையை வியாபாரி மீதும் ஏஜென்சி மீதும் மட்டும் சுமத்துவதும் நியாயமில்லை. விதிகளை எழுதுபவரும் நடுவரும் கூகுளே. விதிப்புத்தகமோ பூட்டிக் கிடக்கிறது. எந்த முடிவைச் சொடுக்குகிறார்கள் என்ற தகவலுக்குத் தரவரிசையில் பெரிய பங்கில்லை என்ற தொனியில்தான் கூகுளின் பிரதிநிதிகள் பல ஆண்டுகள் பேசி வந்தார்கள். 2023இல் வாஷிங்டனில் கூகுளுக்கு எதிராக நடந்த ஏகபோக எதிர்ப்பு வழக்கில், அதன் துணைத் தலைவர் பாண்டு நாயக், சொடுக்குத் தகவலைப் பயன்படுத்தும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். 2024 மே மாதம் கசிந்த உள் ஆவணங்களிலும் அதன் தடயங்கள் இருந்தன. ஆவணங்கள் உண்மையானவை என்று ஒப்புக்கொண்ட கூகுள், அவற்றை வைத்து அவசர முடிவுக்கு வர வேண்டாம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த வழக்கை விசாரித்த நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். 2020இல் அமெரிக்கப் பொதுத் தேடல்களில் 89.2 சதவீதம் அதன் கையில் இருந்ததாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ரகசியம் காக்காவிட்டால் மோசடிக்காரர்கள் உள்ளே புகுவார்கள் என்ற கூகுளின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ரகசியம் இருக்கும் இடத்தில் வதந்தியும் வளரும். அந்த வதந்திதான் எஸ்.இ.ஓ. சந்தையின் மூலதனம்.

சுழற்சி இப்போது இன்னொரு சுற்றுக்குத் தயாராகிறது. தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு விடை தரும் வசதியை கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் பரவலாக்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் வருவானேன் என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலையை விலையாக்க ஜி.இ.ஓ., ஏ.இ.ஓ. என்று புதிய பெயர்ப்பலகைகள் வந்துவிட்டன. அந்த விடைகளில் இடம்பெறத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்கிறது கூகுளின் வழிகாட்டி. செயற்கை நுண்ணறிவுக்காகத் தளத்தில் வைக்கச் சொல்லும் எல்.எல்.எம்.எஸ். என்ற உரைக்கோப்பை, கூகுளின் ஜான் மியூலர் 2025இல் பழைய கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கோடு ஒப்பிட்டார். அவர் சொல்வதையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளர் தன்னைப் பற்றித் தானே எழுதித் தரும் சான்று எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது.

ஆகவே எஸ்.இ.ஓ.வுக்குச் செலவிடும் நிறுவனம் மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த மாற்றம் என் வாடிக்கையாளருக்குப் பயன்படுமா? செய்த வேலை முழுவதையும், வாங்கிய ஒவ்வொரு இணைப்பு உட்பட, எழுத்தில் தருவீர்களா? எந்த எண்ணால் பலனை அளப்போம்: தரவரிசையா, கடைக்கு வந்த அழைப்புகளும் விற்பனையுமா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவர் நான்கைந்து மாதம் முதல் ஓராண்டு வரை அவகாசம் கேட்டால், அது ஏற்கத்தக்கது. முப்பது நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது: தளம் தண்டிக்கப்பட்டால் நட்டம் யாருடையது? ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் இல்லையென்றால், அந்த நட்டம் முழுவதும் வியாபாரியின் கணக்கில்தான் விழும்.