வழிகாட்டும் சொல்லும் வழிகாட்டும் முள்ளும்

வழி கூறுதலைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். மலைபடுகடாம் கூத்தனை நன்னனிடம் ஆற்றுப்படுத்துங்கால், செல்லும் திசையை மட்டும் சுட்டி அமைவதில்லை. இடையில் நேரும் இடர்களையும், உணவு கிடைக்கும் இடங்களையும் உடன் கூறுகின்றது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இக்காலக் கணினி விளையாட்டு ஒன்றிலும் அத்தகைய வழிகூறல் உண்டென அறிந்தால் வியப்பர்.

அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மொரோவிண்ட்' என்பதே அது. ஆடுவோன் சிறையினின்று விடுபட்டு, கப்பலில் வந்து ஒரு சிற்றூரில் இறங்குகின்றான். பல்மோரா நகரில் வாழும் கையஸ் கொசாடெஸ் என்பவரிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். அவர் வீடு எங்கே? அதைச் சொல்வாரில்லை. இன்ன விடுதிக்குச் சென்று விசாரி என்பதே கட்டளை. புதிய ஊரொன்றை அறிய இதனினும் இயல்பான வழி வேறுண்டோ!

பின்னர் வரும் பணியொன்றில், பாழடைந்த பழம்பதியிலிருந்து சிறு பெட்டியைக் கொணர வேண்டும். காவற்கோட்டையை அடுத்துச் சென்று, பழைய பாலத்தைக் கடந்து, குழாயிலுள்ள திருகைச் சுழற்றினால் கதவு திறக்கும் என்பதுவரை சொல்லப்படுகின்றது. உள்ளே பெட்டி இருக்குமிடம் மட்டும் சொல்லப்படவில்லை. அங்கே அலுத்துப்போனோர் பலர். பிறிதோரிடத்தில், ஒரு குகையின் இருப்பிடமே நாடோடிக் குடியினரின் விடுகதையாக வருகின்றது. அதன் கதவு விடியலிலும் அந்தியிலும் மட்டுமே திறக்கும். சொற்களைக் கூர்ந்து படியாதவன் அங்கே நுழைய இயலாது. வாசிப்பே ஆட்டமாகிவிடும் அருமை இது.

ஆயினும் குற்றம் ஒன்றைக் கூறியே ஆக வேண்டும். கேட்ட செய்தியெல்லாம் பதிவாகும் குறிப்பேடு, வெளிவந்தபோது, வெறும் நாள்வரிசையில் அமைந்திருந்தது. பத்துப் பணிகளை ஒருங்கே மேற்கொண்டவன், முதற்பணிக்குரிய வழியைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட நேர்ந்தது. கடைக்காரர் பேரேடு இல்லாமல் நாளேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய கடனைத் தேடுவது போன்றது அது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 'டிரைபியூனல்' என்னும் இணைப்பு, குறிப்புகளைப் பணிவாரியாகப் பார்க்க வழி செய்தது. நோய்க்கு மருந்து அப்போதே கிடைத்துவிட்டது.

கிடைத்த பின்னும், 2006-இல் வந்த 'ஆபிலிவியன்' வேறு வழியை நாடிற்று. திரையின் அடியில் ஒரு திசைமானி. அதில் இலக்கைச் சுட்டும் குறி. பாத்திரங்களின் உரையாடல் முழுவதும் குரலாகப் பதிவாகிய விளையாட்டு அது. நீண்ட வழியுரை சுருங்கியதற்கு அதையும் ஒரு காரணமாகக் கருத இடமுண்டு. விளைவு யாது? தேடப்படுபவன் எங்குள்ளான் என்பது பணியை ஒப்படைத்தவனுக்கே தெரியாத போதும், முள் அவன் இருப்பிடத்தை அறிந்து நிற்கின்றது. கதைக்குள் ஒருவரும் அறியாததை முள் எவ்வாறு அறிந்தது? இது எளிமையன்று, கதையின் நம்பகத்தைக் குலைப்பது.

நேரமில்லாதோர்க்கு முள் உதவும் என்பர். உதவட்டும், விரும்பாதோர் விலக்கிக்கொள்ளலாம் என்பதே அவர்தம் விடை. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் குறியை நீக்க இயலும். ஆனால் நீக்கியபின் குறிப்பேட்டைத் திறந்தால், இன்னாரைக் கண்டு பேசு, இன்ன பொருளைக் கொணர் என்ற அளவிலேயே பல பணிகள் நின்றுவிடுகின்றன. ஆறு எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்ற சொல்லே இல்லை. ஊன்றுகோலைப் பறித்தபின் காலும் இல்லாத நிலை அது.

2018-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' குறியை விலக்கி, இன்ன பகுதி, இன்ன ஊருக்கு அண்மை எனத் துப்புத் தரும் முறையொன்றை ஆடுவோர் தெரிவுக்கு வைத்தது. நன்முயற்சியே. எனினும் அத்துப்புகள் சிறு சீட்டுகள்போலத் திரையில் நிற்கின்றன. பாலத்தருகே இடப்பக்கம் பார்த்துப் போ என்று சொல்லும் ஒருவனின் குரல் அவற்றில் மிகக் குறைவு.