வழிநடை உணவும் தோட்டப்புறக் கள்ளும்: மலேசியத் தமிழ்ப் புனைகதைத் திறனாய்வில் ஒரு விடுபடல்

முன்னுரை

வழிச்செல்வோர் எங்கு உண்டனர், எதைக் குடித்தனர், யாருடன் அமர்ந்தனர் என்பன இலக்கியத் திறனாய்வுக்குரிய வினாக்களாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. மலேசியத் தமிழ்ப் புனைகதைகள் பற்றிய ஆய்வுகளில் கள்ளுக்கடை மிகுதியாகப் பேசப்படுகின்றது. கோப்பிக்கடையும் ஒட்டுக்கடையும் வெறும் களப் பின்னணியாகக் கடந்து செல்லப்படுகின்றன. இவ்விரு போக்குகளும் ஒரே பார்வையின் இரு பக்கங்கள் எனக் கருதுகிறோம். தோட்டத் தொழிலாளியை ஓரிடத்தில் கட்டுண்டவனாகவே கண்டு, அவனும் வழிச்செல்வோன் என்பதைக் காணத் தவறியதே அப்பார்வை. சுங்கை சோ முதல் கோல சிலாங்கூர் வரையிலான வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களை முன்னிறுத்தி இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபின் இரு நெறிகள்

தமிழ் மரபில் குடியும் உணவும் இரு வேறு நெறிகளில் பேசப்பட்டுள்ளன. ஒன்று ஆற்றுப்படை நெறி. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த முதிர்ந்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. வேலூரில் எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சோறும் ஆமான் இறைச்சியும் பெறுகிறான். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும் உண்கிறான். இங்குக் கள் குற்றமன்று. அது வழியின் ஓர் அடையாளம். எவ்வூரில் எது கிடைக்கும் என்பதே அவ்வூரின் நிலத்தையும் தொழிலையும் அறிவிக்கின்றது. விருந்தளிப்போரில் பெண்கள் முன்நிற்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

மற்றொன்று திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை காட்டும் அறநெறி. அது தன் செயலைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை உடையவனை நோக்கிக் கூறப்பட்ட அறிவுரை. குடிக்கவும் குடியாதிருக்கவும் வல்லவன் என்ற நிலையிலிருந்தே அவ்வறிவுரைக்கு வலிமை பிறக்கின்றது.

மலேசியத் தமிழ்த் திறனாய்வு இவ்விரண்டனுள் பின்னதையே பெரிதும் மேற்கொண்டது. சம்பள நாள், கள்ளுக்கடை, அடிபடும் மனைவி, பள்ளி நின்றுபோகும் பிள்ளை என்னும் கதை வார்ப்பு, தோட்டச் சிறுகதைகளைப் படித்தோர் நன்கறிந்த ஒன்று. அக்கதைகளுக்கு நாம் எழுதும் உரையும் குடியின் கேடு என்ற அளவில் முடிந்துவிடுகின்றது. அக்கேடு மெய்யானது என்பதில் ஐயமில்லை. கள்ளை அடுத்துச் சம்சு குடும்பங்களை அழித்ததையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், தெரிவுரிமை உடையவனுக்குக் கூறப்பட்ட அறத்தை அவ்வுரிமை இல்லாதவன் மீது சுமத்தி அளப்பது முறையான திறனாய்வு ஆகுமா என்பதே எம் வினா.

1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகள்

கள்ளுக்கடை தொழிலாளியின் குணக்கேட்டினால் தோன்றியதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உரிமம் பெற்றுத் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே அது நடத்தப்பட்டது. உழைத்துப் பெற்ற கூலி வெளியே செல்லாமல் அங்கேயே செலவாக அது வழிவகுத்தது.

இதனைத் தொழிலாளரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் சான்று. தமிழ் நேசன் இதழாளரான ஆர். எச். நாதன் அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கூலி உயர்வு கேட்டதோடு அவர்கள் முன்வைத்த வேறு மூன்று கோரிக்கைகளை ஒருசேர நோக்குதல் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பன அவை.

வரலாற்று நூல்கள் இவற்றைத் தனித்தனி வரிகளாகப் பட்டியலிடுகின்றன. ஆயின் மூன்றும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. மிதிவண்டி வெளியே செல்லும் உரிமை. உறவினர் வருகை, வெளியுலகம் உள்ளே வரும் உரிமை. கள்ளுக்கடையோ தொழிலாளியை உள்ளேயே இருத்தும் ஏற்பாடு. எனவே கள்ளுக்கடையை மூடக் கோரிய குரலை மதுவிலக்குக் குரலாக மட்டும் கொள்வது குறைவுடையது. அது வழியைத் திறக்கக் கோரிய குரலும் ஆகும்.

துரையின் மேசையும் எழுத்தரின் மேசையும்

இதே நிலப்பகுதியில் துரைமாரின் இளைப்பாறல் வேறு வகையாக அமைந்தது. வாரக் கடைசியில் கோலாலம்பூர் சென்று, மன்றங்களிலும் 1921இல் தொடங்கப்பட்ட கொலிசியம் போன்ற விடுதிகளிலும் உண்டு குடித்து மீள்வது அவர்கட்கு இயல்பாக இருந்தது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே, 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை வணிக முறையில் பயிரிடத் தொடங்கியவர். அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. துரை ஒருவரின் மலாயா அனுபவம் உலக இலக்கியமாயிற்று. அதே மண்ணில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் குடியோ ஒழுக்கச் சிக்கலாக மட்டும் எஞ்சியது. துரையின் குடி பயணத்தின் பகுதி; தொழிலாளியின் குடி பயணத்தின் மறுப்பு. இவ்வேறுபாடே திறனாய்வாளர் காண வேண்டியது.

தமிழ்ப் புனைகதையில் இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. மெடான், பினாங்கு முதலிய நகரங்களில் அலையும் பாண்டியனும் அவன் நண்பர்களும் குடித்தவாறே வாதிடுகின்றனர். தமிழ்ப் பெருமிதங்கள் அங்கே எள்ளலுக்கு உள்ளாகின்றன. அக்குடியை ஒழுக்கக்கேடு என்று எடுத்துக்காட்டும் திறனாய்வாளர் அரியர். சிந்தனைக் களம் என்றே அது போற்றப்படுகின்றது. காரணம் வெளிப்படை. பாண்டியன் கணக்கறிந்தவன், ஊர்விட்டு ஊர் செல்பவன். அவன் மேசைக்கு நாம் அளித்த மதிப்பைத் தோட்டத்துத் தொழிலாளியின் மரப்பலகைக்கு அளிக்கவில்லை. இவ்வேறுபாட்டில் எழுத்தாளரின் திறனுக்குப் பங்குண்டு. ஆயின் படிப்போராகிய நம் வர்க்கப் பார்வைக்கும் பங்குண்டு என்பதை ஏற்றாக வேண்டும்.

சொல் மறைத்த வேறுபாடுகள்

தமிழாசிரியர்கள் கருத வேண்டிய மற்றொன்று சொல்லாட்சி பற்றியது. மாணவர் கட்டுரையில் கோப்பிக்கடை, மாமாக் கடை, ஒட்டுக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என வருவனவற்றை ‘உணவகம்’ என ஒரே சொல்லால் திருத்தும் வழக்கம் நம்மிடம் உள்ளது. தூய தமிழ் நோக்கில் இது ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆயின் கோப்பிக்கடை பெரும்பாலும் சீனர் நடத்துவது. மாமாக் கடை தமிழ் முஸ்லிம்கள் நடத்தியது. ஒட்டுக்கடை சிறு முதலில் சாலையோரத்தில் எழுவது. எந்தக் கடையில் யார் அமரலாம், எவ்வளவு நேரம் அமரலாம், கடன் கிடைக்குமா, பெண்கள் தனியே செல்ல இயலுமா என்பன கடைதோறும் வேறுபடும். ஒரு சிறுகதையில் பாத்திரங்கள் சந்திக்கும் இடம் ‘உணவகம்’ ஆனவுடன் இச்சமூகக் குறிப்புகள் அனைத்தும் அழிகின்றன. ஆற்றுப்படைப் புலவர் எயிற்றியர் சோற்றையும் உழவர் சோற்றையும் வேறுபடுத்திக் கூறியது சுவைக்காக மட்டுமன்று என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சுங்கை சோ: சாலையும் தோட்டமும்

ரவாங்கிற்கும் செரண்டாவிற்கும் இடையே பழைய முதன்மைச் சாலையை ஒட்டி அமைந்தது சுங்கை சோ. 1994இல் முழுமை பெற்ற வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை உருவாகும் முன்னர், கோலாலம்பூரிலிருந்து ஈப்போ நோக்கிச் சென்றோர் இவ்வழியே கடந்தனர். எனவே இவ்வட்டாரத்து மக்கள் சாலையிலிருந்து விலகி வாழ்ந்தவர் அல்லர்; நாள்தோறும் பிறர் பயணத்தைக் கண்டவர்கள். பின்னர் பெரோடுவா கார்த் தொழிற்சாலை இங்கு அமைந்தது. சிலாங்கூரின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டக் கள்ளுக்கடையும் அவற்றோடு மறைந்தது. தோட்டத்தை விட்டு வந்தோர் பலர், குறிப்பாகப் பெண்கள், சாலையோரத்தில் தோசையும் நாசி லெமாக்கும் விற்றுப் பிழைப்பதைச் சிலாங்கூரின் பல ஊர்களில் காண்கிறோம். நேற்று வழிச்செல்லும் உரிமை மறுக்கப்பட்டோரின் வழியினர் இன்று வழிச்செல்வோர்க்கு உணவளிக்கின்றனர். நுளைமகளின் இடத்தை இவர்கள் பெற்றுள்ளனர். ஆயின் இவர்களைப் பாடும் ஆற்றுப்படை இன்னும் போதிய அளவில் எழவில்லை.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியரின் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியன அதன்வழி உலக ஏற்புப் பெற்றன. பல்லினத்தார் ஒரே கடையில் அமர்ந்து உண்பது அங்குப் பெருமையாகப் பேசப்படுகின்றது. அம்மேசையில் வந்து அமர்வதற்குத் தோட்டத் தமிழர் கடந்த தொலைவைச் சொல்லும் கடமை தமிழ்ப் புனைகதைக்கும் திறனாய்வுக்கும் உரியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் கள்ளுக்கடைக் கதைகளை மறுவாசிப்புச் செய்யும் தேவை புலனாகின்றது. ஒரு கதையில் குடியோ உணவோ வருமிடத்து நான்கு வினாக்களை எழுப்புமாறு வகுப்பறைக்கு முன்மொழிகிறோம். அக்கடை யாருக்கு உரியது? அங்கு யார் அமர்கின்றனர், யார் நிற்கின்றனர்? செலவாகும் பணம் எங்கே போய்ச் சேர்கின்றது? உண்டபின் அம்மனிதன் எங்குச் செல்ல இயலும்? முதல் மூன்று வினாக்களும் சமூக வரலாற்றுக்கு உதவும். இறுதி வினாவே குடித்தவனைக் குற்றவாளி என்று முடிவு செய்வதற்கு முன் அவன் நிலையை எண்ண வைக்கும். அவ்வினாவை எழுப்பாத திறனாய்வு கள்ளுக்கடையைக் கண்டிக்குமேயன்றி, அதனை அங்கு வைத்தவரைக் காணாது.