கணக்கில் வராத உலகக் கோப்பை

1971 செப்டம்பர் 5. மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் இறுதி ஆட்டம். வந்திருந்த கூட்டம் சுமார் 1,10,000. டென்மார்க் 3, மெக்சிகோ 0. மூன்று கோலையும் போட்டவர் சூசன் ஆகஸ்டெசன் என்ற 15 வயதுப் பெண். களத்தில் ஆடிய இருபத்திரண்டு பேருமே பெண்கள்தான். ஃபிஃபாவின் பதிவேட்டில் மட்டும் இப்படி ஓர் ஆட்டமே கிடையாது. அவர்கள் கணக்குப்படி மகளிர் உலகக் கோப்பை 1991இல் சீனாவில்தான் பிறந்தது.

அந்த மூன்று வாரப் போட்டியைத் தோண்டியெடுத்த ஆவணப்படம் 'கோபா 71'. 2023 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அடுத்த மார்ச்சில் பிரிட்டன் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்கியவர்கள் ரேச்சல் ராம்சே, ஜேம்ஸ் எர்ஸ்கின். நிர்வாகத் தயாரிப்பாளர்களில் வீனஸ் வில்லியம்ஸும் செரினா வில்லியம்ஸும் உண்டு. ஆவணப்பட விழாச் செய்திகளைச் சினிமாப் பக்கத்தில் நாலு வரியில் முடித்துவிடுவது பத்திரிகை வழக்கம். இந்தப் படத்துக்கு அது போதாது. இது ஓர் ஆட்டக் கணக்கைத் திருத்துகிற படம். அதனால் ஆட்டத்தை அலசுகிற அளவுகோலிலேயே இதையும் அலச வேண்டும்.

முதலில் ஆட்டம். ஆறு அணிகள்: மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், இத்தாலி, பிரான்ஸ். டென்மார்க் வெறுங்கையோடு வந்த அணி இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் நடந்த இதே மாதிரியான போட்டியிலும் அவர்களே சாம்பியன். மெக்சிகோவில் பிரான்சை 3-0, அரையிறுதியில் அர்ஜென்டினாவை 5-0 என்று நொறுக்கினார்கள். நடுவில் இத்தாலியுடன் மட்டும் 1-1. நான்கு ஆட்டத்தில் 12 கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கிய அணி, எந்தக் காலத்திலும் எந்தப் போட்டியிலும் கோப்பைக்குத் தகுதியான அணிதான்.

மெக்சிகோவும் லேசுப்பட்ட அணி இல்லை. 'லா பெலே' என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்த அலீசியா வர்கஸ் அங்கேதான் ஆடினார். அர்ஜென்டினாவை 3-1, இங்கிலாந்தை 4-0 என்று வென்றார்கள். அரையிறுதியில் இத்தாலியை 2-1 என்று தாண்டியதுதான் பெரும்பாடு. நடுவரின் முடிவுகளில் கொதித்துப்போன இத்தாலி வீராங்கனைகளுக்கும் மெக்சிகோ அணிக்கும் களத்திலேயே கைகலப்பு. இத்தாலி கேப்டன் எலெனா ஸ்கியாவோ இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு படத்தில் பேசும்போதும் அந்தச் சூடு தணியவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் மெக்சிகோ அணிக்குள் இன்னொரு நெருப்பு பற்றியது. மைதானம் நிரம்பி வழிகிறது, டிக்கெட் பணம் குவிகிறது, ஆடுகிறவர்கள் கையில் காசில்லை. இருபது லட்சம் பெசோ கொடுத்தால்தான் இறங்குவோம் என்றார்கள் வீராங்கனைகள். பத்திரிகைகள் அவர்களைப் பேராசைக்காரிகள் என்கிற தொனியில் எழுதின. கடைசியில் பணமில்லாமலேயே ஆடினார்கள். எதிரணி அரையிறுதியை எளிதாக முடித்துவிட்டுக் கால்களுக்கு ஓய்வு கொடுத்து வந்திருக்க, இவர்கள் ஒரு சண்டையையும் ஒரு சம்பளத் தகராறையும் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ஆகஸ்டெசனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 3-0 முழுவதும் தொண்ணூறு நிமிடத்துக்குள் உருவானது இல்லை என்பது என் கணிப்பு.

இத்தனை பெரிய போட்டி எப்படிக் காணாமல் போனது? படத்தின் பலமான பகுதி இதுதான். 1970இல் பெலேயின் பிரேசில் கோப்பை வாங்கிய அதே அஸ்டெகாவில் பெண்கள் ஆடப்போகிறார்கள் என்றதும் ஃபிஃபா எதிர்த்தது. பெண்களுக்கு மைதானம் கொடுக்கும் கிளப்புகளுக்கு அபராதம் என்று மெக்சிகோ கால்பந்துச் சங்கம் மிரட்டியது. மெக்சிகோ சிட்டியில் அஸ்டெகாவும் குவாதலஹாராவில் ஹாலிஸ்கோவும் சங்கத்தின் பிடிக்குள் இல்லாத தனியார் மைதானங்கள் என்பதால் போட்டி அந்த இரண்டில் மட்டுமே நடந்தது. அமைப்பாளர்கள் வியாபாரிகள். கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும் அடித்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஷோச்சில் என்ற சிறுமிப் பொம்மையைச் சின்னமாக வைத்தார்கள். பெண்கள் ஆட்டத்தை வேடிக்கைப் பொருளாக விற்கப் பார்த்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போகவில்லை. மறுபடி மறுபடி வந்தார்கள்.

இங்கிலாந்து அணியின் கதை நெஞ்சை உறுத்துவது. 1921இலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு, சங்கத்தின் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை வைத்திருந்த நாடு அது. பஸ் டிரைவராக இருந்த ஹாரி பாட் என்பவர் சொந்த முயற்சியில் ஓர் அணியைத் திரட்டிக் கூட்டிப்போனார். அதில் 13 வயது லியா கேலப்பும் ஒருத்தி. ஊரில் பூங்காத் திடலில் ஆடிய பிள்ளைகள், மெக்சிகோவில் இறங்கியதும் ஆட்டோகிராஃப் கேட்டு மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது பரிசாகக் கிடைத்தது ஆடத் தடை. பாட்டை மகளிர் கால்பந்திலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். கேப்டன் கேரல் வில்சனும் தோழிகளும் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு லட்சம் பேர் முன்னால் ஆடினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நம்ப மாட்டார்கள் என்பதைத்தான் படத்தின் முதல் காட்சி காட்டுகிறது. 1999 உலகக் கோப்பை இறுதியில் கடைசிப் பெனால்டியை அடித்து அமெரிக்காவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிராண்டி சாஸ்டெய்னிடம் இந்தப் பழைய காட்சிகளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அன்று ரோஸ் பௌலில் கூடிய 90,185 பேர்தான் மகளிர் ஆட்டத்துக்கு வந்த மிகப்பெரிய கூட்டம் என்று வெகுகாலம் பேசப்பட்டது. வாழ்நாள் முழுக்கக் கால்பந்திலேயே ஊறிய அவர், இதைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று திகைத்து உட்கார்ந்திருக்கிறார். இயக்குநர்கள் இதைப் படத்தின் தலையில் வைத்தது அருமையான முடிவு. பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த முகம் போதும்.

ஆனாலும் படத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. வண்ணத்தில், நல்ல தரத்தில் கிடைத்திருக்கும் ஆட்டக் காட்சிகளைப் பேட்டிகளுக்கு நடுவே துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கோல் எப்படி உருவானது, பந்தை யார் வாங்கி யாருக்குத் தள்ளினார், தற்காப்பு எங்கே பிளந்தது என்று பின்தொடர்வதற்குள் காட்சி பேட்டிக்குத் தாவிவிடுகிறது. கூட்டத்தின் ஆரவாரம் காதில் நிற்கிறது. ஆட்டம் கண்ணில் நிற்கவில்லை. இவர்கள் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவர்கள் என்று நிரூபிக்க வந்த படம், அந்த ஆட்டத்தை நின்று பார்க்க நம்மை விட்டிருக்க வேண்டாமா?

இதைச் சரியாகச் செய்த படத்தைச் சொல்கிறேன். 2018இல் டெல்லுரைடு விழாவில் வெளிவந்து, பிறகு ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ரீ சோலோ'. எல் கேப்பிடன் என்ற சுமார் 900 மீட்டர் செங்குத்துப் பாறையில் கயிறில்லாமல் ஏறும் அலெக்ஸ் ஹானால்டின் கதை. அதில் மிகக் கடினமான ஓரிடத்தை அவர் கயிறு கட்டிக்கொண்டு பழகுவதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். கட்டைவிரல் எங்கே அழுந்த வேண்டும், இடது காலை எப்படிப் பக்கவாட்டில் வீசி எதிர்ச் சுவரைத் தொட வேண்டும் என்று பாறை ஏறாதவரும் கற்றுக்கொள்கிறார். 2017 ஜூன் 3 அன்று கயிறில்லாமல் அவர் அந்த இடத்துக்கு வரும்போது, அடுத்த அசைவு என்னவென்று தெரிந்துவைத்திருப்பதாலேயே நமக்கு மூச்சு அடைக்கிறது. நுட்பத்தைப் புரியவைத்த பிறகு வருகிற பதற்றம் அது. ஆகஸ்டெசனின் ஒரே ஒரு கோலையாவது இப்படி அவிழ்த்துக் காட்டியிருந்தால், 'கோபா 71' இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் அர்ஜென்டினா எல்லோருக்கும் முந்திக்கொண்டது. பயிற்சியாளர்கூட இல்லாமல் மெக்சிகோ போய் இறங்கிய அணி அது. ஆகஸ்ட் 21 அன்று இங்கிலாந்தை 4-1 என்று வென்றார்கள். நான்கு கோலும் எல்பா செல்வா போட்டவை. அந்தத் தேதியை இன்று அர்ஜென்டினா கால்பந்து வீராங்கனைகள் தினமாகக் கொண்டாடுகிறது. ஃபிஃபா ஏற்காவிட்டால் என்ன, ஒரு நாட்டின் நாட்காட்டி ஏற்றுக்கொண்டது.

நம் பக்கத்துக் கணக்கிலும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறது. 1975இல் தொடங்கிய இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு வெளியே தனித்து நின்றுதான் ஆட்டத்தை வளர்த்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம்வரை போய்ச் சைனீஸ் தைபேயிடம் தோற்றார்கள். 1983இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை வென்றது தாய்லாந்து. அந்தத் தலைமுறையின் சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது வாங்கினார். மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை ஆசிய இறுதிக்குப் போன அணியிலிருந்து நான்கு பெயர் சொல்லச் சொன்னால், விளையாட்டுப் பக்கத்தைத் தினமும் புரட்டுகிறவர்களே திணறுவார்கள்.

'கோபா 71'க்கு வாய்த்த பெரிய வசதி, பேச ஆட்கள் உயிரோடு இருந்ததும் பெட்டிகளில் ஃபிலிம் சுருள் மிஞ்சியதும்தான். கோழிக்கோட்டில் ஆடியவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். ஆவணப்படம் எடுக்கக் கேமராவோடு கிளம்பும் நம் இளைஞர்களில் யாராவது ஒருவர், மலையாளப் பத்திரிகைகளின் பழைய புகைப்படக் கோப்புகளிலிருந்தும் அந்த வீராங்கனைகளின் வீட்டு அலமாரிகளிலிருந்தும் தொடங்கலாம். எடுத்தால், பந்து காலில் இருக்கும் நேரத்தில் மட்டும் பேட்டிக்குத் தாவாமல் இருங்கள்.