அலகில் பாம்பு, அட்டையில் மௌனம்

ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒரு ராத்திரி அந்த முகமூடியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்துத் தீவிலிருந்து வந்தது. காதுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெரிய பலகைகள். அவற்றில் ஊடுருவக் குடைந்த பறவைகள், ஒன்றின் அலகில் பாம்பு. கண்களுக்குக் கடல் நத்தையின் வட்ட மூடியைப் பதித்திருக்கிறார்கள், நம்மையே முறைப்பது மாதிரி இருக்கிறது. கீழே குறிப்பு அட்டை: மரம், வண்ணம், நார்.

இதைப் பார்த்ததும் நமக்கு வரும் விளக்கம் ரெடிமேடானது. பறவை என்றால் ஆன்மா, பாம்பு என்றால் மண், இரண்டும் மோதினால் வாழ்வும் சாவும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாட்டுச் சிற்பத்துக்கும் பொருந்துகிற விளக்கம் எந்தச் சிற்பத்தையும் விளக்குவதில்லை.

வடக்கு நியூ அயர்லாந்தில் இறந்தவர்களுக்கான நீண்ட சடங்குகளுக்கும் அவற்றுக்காகச் செதுக்கும் சிற்பங்களுக்கும் ஒரே பெயர்தான்: மலங்கன். அங்கே தாய்வழிக் குலங்கள், பறவைகளைக் குல அடையாளமாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. அதனால் அந்தப் பறவையிடம் 'நீ என்ன அர்த்தம்?' என்று கேட்பதைவிட 'நீ யாருடையவள்?' என்று கேட்பதே சரி. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிமையாளர் உண்டு. உரிமை இல்லாதவர் அதைச் செதுக்கக் கூடாது. சடங்கில் பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்கலாம். வாங்கியவர் கையில் எடுத்துப் போவது மரத்தை அல்ல, மனசில் பதிந்த உருவத்தை. சிற்பத்தைக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள். பிறகு எரிப்பார்கள், அல்லது மக்க விடுவார்கள். காலனிக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விற்பதும் அதைக் கழிக்க ஒரு வழியானது.

பேக்அப் எடுக்காமல் தூங்கப் போகாத தொழில் என்னுடையது. பொருளை அழித்துவிட்டு, அதை மறுபடி செய்யும் உரிமையை மட்டும் பத்திரப்படுத்துகிற இந்த ஏற்பாடு என்னை அசைத்துவிட்டது.

மானுடவியலாளர் சூசன் குக்லர் இந்தச் சிற்பங்களைப் பற்றி 2002இல் வெளியிட்ட நூலில் நினைவு, தியாகம் என்ற இரண்டையும் மையத்தில் வைக்கிறார். பெரிய பங்களிப்பு. ஆனாலும் இந்த வாதத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அவர்களே தூக்கிப்போட நினைத்த சக்கையைத்தான் நாம் எடுத்துவந்தோம் என்று அருங்காட்சியகங்கள் நிம்மதியாகச் சொல்லிக்கொள்ள அது வழிவிட்டுவிடும். 1884 முதல் 1914 வரை அந்தத் தீவு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. தோட்ட வேலைக்கு ஆள் பிடித்துப் போனார்கள், மக்கள்தொகை சரிந்தது. உருவத்தை மனசில் சுமக்க வேண்டியவர்களே குறைந்துபோன காலம் அது. நினைவு அறுந்த இடத்தில் மரம் வெறும் சக்கை இல்லை. மிச்சம் இருப்பதே அதுதான்.

மறுபடி அந்த அட்டையைப் பார்க்கிறேன். மரம், வண்ணம், நார். செதுக்கியவர் பெயர் இல்லை, யாருடைய சாவுக்குச் செய்தது என்று இல்லை, அந்த உருவம் எந்தக் குலத்தின் சொத்து என்றும் இல்லை. பறவையின் அர்த்தம் தெரியாமல் போனது பெரிய இழப்பில்லை. அதன் உரிமையாளரை ஒருத்தரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, அதுதான் இழப்பு.