ரீஸ்டார்ட் பண்ணாதீங்க!

கம்ப்யூட்டர் தடயவியல் என்றால் போலீஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிப் போகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து, நான் போய்வந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரகடம் சிப்காட்டில், ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்தவர்களுக்கு நடந்த பயிற்சி அது. ஒருவர்கூடக் கண்ணசரவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை!

வாகன உதிரிபாக ஆலையில் ஐ.டி. சப்போர்ட் பார்ப்பவன் நான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எங்கள் ஆட்களுக்கு ஒரே மந்திரம்தான்: லைன் நிற்கக் கூடாது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ரீஸ்டார்ட். மசியவில்லையா, ஃபார்மட். பயிற்சி கொடுத்தவர் காவல்துறையில் சைபர் வழக்குகள் பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் எங்கள் கையைக் கட்டிப்போட்டார். "முதல்ல ஸ்கிரீனை போட்டோ எடுங்க தம்பி. நேரத்தை எழுதுங்க. நெட்வொர்க் கேபிளைக் கழட்டுங்க. பவரை மட்டும் அணைச்சிடாதீங்க."

ஏன் என்பதற்கு அவர் சொன்ன கதை, அடடா! 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியது நினைவிருக்கும். சுமார் 150 நாடுகள். இங்கே ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது; போடாதவர்கள் மாட்டினார்கள். தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே ஆத்ரியான் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கோப்புகளைப் பூட்டிய சாவியை உருவாக்கிய பகா எண்கள், சில விண்டோஸ் பதிப்புகளில் மெமரியிலேயே கிடந்தன. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படாதிருந்தால், பணம் கட்டாமலே சாவியை மீட்கலாம். ஆனால் ரீஸ்டார்ட் செய்திருந்தால் அவ்வளவுதான், போச்சு. எந்தப் பட்டனை நாங்கள் வைத்தியம் என்று நம்பினோமோ, அதுவே சாட்சியைக் கொல்கிறது! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் செய்முறை. ஹார்ட் டிஸ்கை, அதில் எதையும் எழுதவிடாத ரைட் பிளாக்கர் கருவி வழியாக இணைத்து, ஒரு எழுத்தும் மாறாமல் இமேஜ் எடுத்தோம். கோப்பின் கைரேகை போன்ற எண்ணான ஹாஷைப் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் முழுக்க வேறாகிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழிலேயே இந்த ஹாஷைக் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால், எந்த பென்டிரைவ் எப்போது செருகப்பட்டது என்பது சீரியல் நம்பரோடு எழுந்து வருகிறது. டிசைன் டிராயிங் வெளியே போய்விட்டதே என்று தலையில் கைவைக்கும் ஆலைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? (எஸ்.எஸ்.டி. வேறு ஜாதி. அழித்ததை அதுவே பின்னால் துடைத்துவிடும். அங்கே வேகம் முக்கியம்.)

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை எழும்பூர் நீதிமன்றத்தில்தான், 2004 நவம்பரில் கிடைத்தது. யாஹூ குழுவில் வந்த ஆபாசச் செய்திகளே அந்த வழக்கில் சாட்சியம். பட்டமாகவே படிக்க வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல் எம்.எஸ்சி. இருக்கிறது.

ஆனால் என் ஆசையெல்லாம் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகள் மேல்தான். வைரஸ் நுழைந்த ராத்திரி ஷிப்டில் மெஷின் பக்கத்தில் நிற்கப்போவது எம்.எஸ்சி. படித்தவர் அல்ல, அவர்கள்தான். ஆலை மேலாளர்களே, தீயணைப்புப் பயிற்சி தருகிறீர்கள் அல்லவா, இதையும் சேர்த்துக் கொடுங்கள். தம்பிகளே, அதுவரை காத்திருக்காதீர்கள்: ஆட்டாப்சி என்ற தடயவியல் மென்பொருள் இலவசம். வீட்டிலிருக்கும் பழைய பென்டிரைவில் நீங்கள் எப்போதோ அழித்த போட்டோக்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடிப் பாருங்கள்.