வரைபடத்தில் இல்லாத பேட்டை

'ஏழை படும் பாடு' என்று தமிழில் நாம் அறிந்த விக்டர் ஹ்யூகோவின் நாவலை முதல் தடவை படித்தபோது, பாரிஸ் தெருப் பெயர்கள் வரும் பக்கங்களை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அது பிசகு.

குழந்தை கோஸெத்துடன் ழான் வல்ழான் இரவில் தப்பி ஓடுகிறான். ழாவேர் பின்னால் வருகிறான். ஆஸ்டர்லிட்ஸ் பாலத்தில் சுங்கக்காரன், நடக்கிற குழந்தைதானே என்று அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிவிடுகிறான். அதுவரை வரும் தெருக்கள் பாரிஸில் இருந்தவை. பாலத்துக்கு அப்பால் அவன் சிக்கிக்கொள்ளும் பெத்தி-பிக்பூ பேட்டையோ ஹ்யூகோவின் கற்பனை. அதற்கும் 1727-ஆம் வருஷத்து வரைபடம் ஒன்றைச் சாட்சிக்கு அழைக்கிறார், கூசாமல்!

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நெப்போலியனைப் பகைத்துக்கொண்டு 1851-ல் ஊரை விட்டுப் போனவர் அவர். 1853 முதல் ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகள் போட்டுக்கொண்டிருந்தார். கெர்ன்ஸி தீவில் உட்கார்ந்து எழுதி, 1862-ல் நாவலை வெளியிட்டவருக்கு, இடிந்துபோன தெருவும் இல்லாத தெருவும் ஒன்றுதான். இரண்டையும் மனசுக்குள்தான் நடந்து பார்க்கவேண்டும். தமக்குத் தெரிந்தது பழைய பாரிஸ்தான் என்று, துரத்தல் தொடங்குகிற இடத்தில் அவரே கதையை நிறுத்திச் சொல்லிக்கொள்கிறார். அந்த ஏக்கந்தான் ஒவ்வொரு திருப்பத்தையும் அத்தனை துல்லியமாக்குகிறது.

தெருவுக்கு அடியில் இறங்கியதும் அந்த ஏக்கம் காணாமல் போகிறது. மாரியுஸைச் சுமந்துகொண்டு வல்ழான் சாக்கடைக்குள் நிற்கையில், சாக்கடையின் சரித்திரத்தை ஆறு அத்தியாயம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அங்கே இன்றும் பக்கங்களைத் தள்ளத்தான் செய்கிறேன்.