நல்லவன் கையில் வெடிமருந்து

நாவலில் அரசியல் புகுந்தால் கலை கெட்டுவிடும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு வாதாடுவதைவிட, கிரஹாம் கிரீன் 1955இல் வெளியிட்ட ‘கொயட் அமெரிக்கன்’ நாவலைப் படிக்கக் கொடுத்துவிடுவது சுலபம்.

கதை நடப்பது சைகோன் நகரில், 1950களின் தொடக்கத்தில். வியட்நாமை விட மனமில்லாத பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம். ஹோ சி மின்னின் கம்யூனிஸ்டுகள் மறு பக்கம். இரண்டும் வேண்டாம், மூன்றாவது சக்தி ஒன்றை உண்டாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறான் பைல் என்ற அமெரிக்க வாலிபன். ஒழுக்கமானவன், தைரியசாலி. ஆனால் அந்தத் தேசத்தை அவன் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறான். பொருளாதார உதவி இலாகாவில் இருந்துகொண்டே ஒரு தளபதிக்கு வெடிமருந்து கிடைக்கச் செய்கிறான். நகரின் நடுவே குண்டு வெடித்துப் பெண்களும் குழந்தைகளும் சாகிறார்கள். பைலோ தன் பூட்ஸில் படிந்த இரத்தத்தைப் பார்த்து, மந்திரியைக் காணப் போகுமுன் இதைத் துடைக்க வேண்டுமே என்கிறான்.

சாதாரண எழுத்தாளன் பைலை வில்லனாக்கியிருப்பான். கிரீன் அவனைக் கடைசிவரை நல்லவனாகவே வைத்திருக்கிறார். நமக்குப் பயம் உண்டாவது அதனால்தான்.

கதையைச் சொல்பவர் பவுலர் என்ற ஆங்கில நிருபர். எந்தக் கட்சியிலும் சேராதவர் என்று பெருமை பேசுகிறவர். முடிவில் அவரே பைலின் கொலைக்கு உடந்தையாகிறார். அதிலும் ஒரு பெண்ணின் மேலுள்ள ஆசை கலந்திருக்கிறது. தலையிடுகிறவனைச் சாடிய கிரீன், ஒதுங்கி நிற்பவனையும் தப்பவிடவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. இருவரும் விரும்பும் புவாங் என்ற அந்த வியட்நாமியப் பெண் என்ன நினைத்தாள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. பவுலர் சொல்லும் கதைதானே என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. இரண்டு அந்நியர்கள் அவளுக்காக வாதாடுகிறார்கள். அவள் பேசாமல் இருக்கிறாள். பைலிடம் கிரீன் கண்ட குற்றம் அவர் பேனாவிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1958இல் இதை ஹாலிவுட்டில் படமெடுத்தபோது பைலை நிரபராதியாக்கி, பழியைக் கம்யூனிஸ்டுகளின் சூழ்ச்சிமேல் போட்டார்கள். கதையின் முதுகெலும்பே போயிற்று. சரித்திரம் அப்படி மாறிக் கொடுக்கவில்லை. 1965இல் அமெரிக்கப் போர்ப்படை டா நாங் கடற்கரையில் இறங்கியது. 1975இல் சைகோன் வீழ்வதற்குள் அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வியட்நாமியர் பல லட்சம் பேர்.

இதைக் கண்டு கிரீனைத் தீர்க்கதரிசி என்று புகழ்கிறார்கள். அவர் ஜோசியம் சொல்லவில்லை. அங்கே நிருபராக இருந்தபோது கண்ணெதிரே நடந்ததைக் கவனித்தார், அவ்வளவுதான். ஒரு தேசத்துக்குப் படை அனுப்பலாமா என்று பெரிய வல்லரசுகள் இன்றும் விவாதிக்கின்றன. இரண்டு கட்சியின் வாதங்களையும் கேட்கும்போது, அந்தத் தேசத்து மனிதர் எவராவது அதில் பேசுகிறாரா என்று நான் தேடிப் பார்க்கிறேன். அப்படித் தேடும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது, அந்தக் குறையோடுகூடிய இந்த நாவல்தான்.